நாற்பதில் ஒரு விசில்

மைல் முள் நாற்பதைத் தொட்டதும்
விசிலடிக்கும் என் மாரிஸ் மைனர்.
முப்பத்தெட்டில் ஊமை.
லெட்சுமாங்குடிப் பாலம் தாண்டி
இரண்டு பக்கமும் வயல் விரியும் இடத்தில்
பால் குக்கர் மாதிரி, நிறுத்த ஆளில்லாமல்.

தை மாதம் அறுப்பு மிஷின் ஓடினால்
வண்டிக்குள் பதர்த்தூசி.
மடியில், தொப்பியில், ஜொஹராவின் டிபன் கூடையில்.
கண்ணாடி எல்லாம் ஏற்றித்தான் இருக்கிறது.
எங்கேயோ ஒரு வாசல், எனக்குச் சொல்லாமல்.

பக்கிரிசாமி கதவு ரப்பரை மாற்றினான். போகவில்லை.
முன்கண்ணாடி ஓரத்தில் நாடா ஒட்டினேன். போகவில்லை.
முக்கோணக் கண்ணாடியின் தாழில்
துணி வைத்து இறுக்கினேன்.
சுருதி அரைக்கட்டை ஏறியது, அவ்வளவுதான்.

ஜொஹரா மன்னார்குடி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள்.
வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருட்டறைதான் அவளுக்கு.
"படம் புகைஞ்சு போச்சுன்னா கதவைத் திட்ட மாட்டோம்.
விளக்கை அணைச்சிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா நிப்போம்.
கண்ணு பழகினதும்
ஓட்டை தானா வந்து முன்னால நிக்கும்."

ராத்திரி கரண்ட் போன சமயம்
பக்கக் கண்ணாடிகளில் போர்வை, முன்னால் என் கைலி,
உள்ளே அவள்.
வெளியே நான், டார்ச்சோடு,
சொந்த வண்டிக்கே திருடனாய்
குனிந்து, தவழ்ந்து, அடியில் மல்லாந்து.
ஒரு தட்டு தட்டினால் ஓட்டை.
இரண்டு தட்டினால் அங்கேயே நில்.

கிளட்ச் மிதி தரையைத் துளைத்து இறங்கும் இடம்: தட்டு.
ஸ்பீடாமீட்டர் கம்பி நுழையும் இடம்: தட்டு.
பின்சீட்டுக்கு அடியில்
படபடவென்று ஏழெட்டு.
"என்ன?"
"துரு. சல்லடையாட்டம்.
வானம் மாதிரி இருக்கு, வந்து பாருங்க மச்சான்."
நான் உள்ளே போனால்
டார்ச்சை யார் பிடிப்பது?
பார்க்கவில்லை.

மறுநாள் தகரம், பற்றுவைப்பு, சைக்கிள் டியூப் வளையம்,
மிச்சத்துக்குத் தார்.
நாற்பதில் விசில்.
மெலிசுதான். ஆனால் அதே ஆள்.

"வெளிச்சம் நேராத்தான் போகும்" என்றாள்.
"காத்து வளைஞ்சு வரும்."
கழித்துப்போட்ட பழைய படமொன்றை
விரல் அகலத்துக்குக் கத்தரித்தாள்.
பெயர் இருந்த ஓரம் முதலில் போனது.
யாருடைய விலாவோ.
பட்டையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி
மெல்ல இழுக்க வேண்டும்.
ரப்பர் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும்.
சாண் சாணாக.
பிடித்தது.
பிடித்தது.
அவள் பக்கத்துக் கதவில், மேல் கீலுக்கு நாலு விரல் கீழே
ஊறின புளியிலிருந்து கொட்டை போல
நழுவி வந்தது கையோடு.

புது ரப்பரை அந்த இடத்தில்
இரண்டு துண்டாய் ஒட்டுப் போட்டிருந்தான் பக்கிரிசாமி.
போய்க் கேட்டேன்.
"முழு நீளத்துக்கு நீங்க காசு குடுத்தீங்களா?"
குடுக்கவில்லை.
பேரம் பேசி வந்த பெருமையை
அன்றைக்கே இவளிடம் சொல்லியும் இருந்தேன்.

அடைத்தோம்.
வடபாதிமங்கலம் வரைக்கும்
நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது.
அவள் கைக்கடிகாரம் கேட்டது.
கியர்ப் பெட்டிக்குள் ஏதோ ஒரு பல்
தூக்கத்தில் அரைப்பதும் கேட்டது.
இத்தனை நாள் அதை
விசில்தான் மறைத்து வைத்திருந்தது போல.
அது அடுத்த மாதச் செலவு.

இப்போது கதவு சாத்த மாட்டேன் என்கிறது.
அறைந்தால் திரும்பி வருகிறது.
உள்ளே இருக்கும் காற்றுக்குப் போக வழியில்லை.
காலையில் ஜொஹரா ஏறி உட்கார்ந்து
கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்குகிறாள்,
கதவைச் சாத்துகிறாள்,
ஏற்றுகிறாள்.
டூட்டிக்கு நேரமாச்சு என்று
என்னைப் பார்க்கிறாள்.